மார்மோன் சபைகளும் மரபுவழிக் கிறிஸ்தவமும்: ஓர் ஒப்பீடும் மதிப்பீடும்

மார்மோன் சபைகள் என்பன, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6 அன்று ஜோசப் ஸ்மித் (1805–1844) தொடங்கிய திருச்சபையிலிருந்து கிளைத்த சமயக் குழுக்கள் ஆகும். இவற்றுள் மிகப் பெரியது, யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. தனக்கு 1 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருப்பதாக அச்சபை கணக்கிடுகிறது. 'மார்மோன்' என்பது பிறர் இட்ட பெயர் என்பதால், முழுப் பெயரையே பயன்படுத்துமாறு 2018இல் அச்சபை கேட்டுக்கொண்டது.

'மார்மோன்கள் கிறிஸ்தவர்களா?' என்ற கேள்விக்கு வேறுபாடுகளைப் பட்டியலிட்டு விடை கூறுவதே பெரும்பாலான நூல்களின் வழக்கம். அத்தகைய பட்டியல்களில் இரண்டு குறைகள் உள்ளன. தேநீரும் காபியும் விலக்கப்பட்டிருப்பதும் கடவுளைப் பற்றிய கொள்கையும் அவற்றில் ஒரே எடை பெறுகின்றன. மேலும், எல்லாப் பிரிவினரும் ஒரே நம்பிக்கை உடையவர்களாகக் காட்டப்படுகின்றனர். உண்மையில் வேறுபாடுகளுக்கு அடிப்படையாக இருப்பவை இரண்டு வினாக்களே: கடவுள் யார்? அவர் மனிதரிடம் பேசி முடித்துவிட்டாரா?

கடவுள் பற்றிய கொள்கை

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் வேறுபட்டாலும், கி.பி. 325இல் நைசியாவிலும் 381இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய பொதுச்சங்கங்கள் வகுத்த திரித்துவக் கொள்கையில் ஒன்றுபடுகின்றன. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே இறை இயல்பு உடைய ஒரே கடவுள் என்பதே அது. கடவுள் உருவமற்றவர் என்பதும், உலகை இன்மையிலிருந்து படைத்தவர் என்பதும் அச்சபைகளின் போதனை.

யூட்டா சபை மூவரையும் ஏற்கிறது. ஆனால் அவர்கள் நோக்கத்தில் ஒன்றான, தனித்தனியான மூவர் என்கிறது. பிதாவுக்கும் குமாரனுக்கும் சதையும் எலும்பும் உடைய மகிமையான உடல் உண்டு என்றும், பருப்பொருள் என்றும் உள்ளது, கடவுள் அதை ஒழுங்குபடுத்தினார் என்றும் கற்பிக்கிறது. மனிதர்கள் பிறப்பதற்கு முன்பே ஆவிகளாக இருந்தனர் என்பதும், இறுதியில் கடவுளைப் போன்ற நிலைக்கு உயரலாம் என்பதும் அதன் நம்பிக்கைகள். படைத்தவருக்கும் படைக்கப்பட்டவருக்கும் இடையே நைசியா மரபு வைத்த கோட்டை இந்தப் போதனை வேறிடத்தில் வரைகிறது.

இதன் விளைவைத் திருமுழுக்கில் (ஞானஸ்நானம்) காணலாம். சீர்திருத்தச் சபைகள் வழங்கும் திருமுழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை பொதுவாக ஏற்கிறது. ஆனால் யூட்டா சபையின் திருமுழுக்கு செல்லாது என்று 2001இல் வத்திக்கான் அறிவித்தது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற அதே பெயர்கள் அங்கும் சொல்லப்படுகின்றன. சொற்கள் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதே வத்திக்கானின் நிலைப்பாடு. யூட்டா சபையும் தன் பங்கிற்கு, பிற சபைகளிலிருந்து வருவோருக்கு மீண்டும் திருமுழுக்கு அளிக்கிறது. அப்போஸ்தலர்களுக்குப் பின் உண்மையான குருத்துவ அதிகாரம் உலகிலிருந்து மறைந்து, ஸ்மித்தின் வழியாகவே மீட்கப்பட்டது என்பது அதன் நம்பிக்கை. ஆகவே, ஏற்க மறுப்பது ஒரு தரப்பு மட்டும் அன்று.

மறைநூலும் வெளிப்பாடும்

மரபுவழிச் சபைகளைப் பொறுத்தவரை, அப்போஸ்தலர் காலத்தோடு பொது வெளிப்பாடு நிறைவுற்றது. யூட்டா சபை விவிலியத்துடன் மார்மோன் புத்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையுயர்ந்த முத்து ஆகிய மூன்றையும் மறைநூல்களாகக் கொள்கிறது. சபைத் தலைவர் வாழும் தீர்க்கதரிசி என்பதால், இந்தத் தொகுப்பு இன்னும் மூடப்படவில்லை.

பிரிவுகள்

1844 ஜூன் 27 அன்று இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் ஸ்மித் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். அடுத்து வெளிப்பாடு பெறும் உரிமை யாருக்கு என்பதில் பின்பற்றியோர் பிளவுபட்டனர். பெரும்பாலோர் பிரிகாம் யங்கின் தலைமையில் மேற்கு நோக்கிச் சென்று 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினர். சிலர் ஜேம்ஸ் ஸ்ட்ராங்கைப் பின்பற்றினர். வேறு சிலர் 1860இல் ஸ்மித்தின் மகன் மூன்றாம் ஜோசப் ஸ்மித்தின் தலைமையில் திரண்டனர். இச்சபை 2001 முதல் 'கிறிஸ்துவின் சமூகம்' என்று அழைக்கப்படுகிறது.

கிறிஸ்துவின் சமூகம் திரித்துவத்தை ஏற்கிறது. பலதார மணத்தை அது தொடக்கத்திலிருந்தே எதிர்த்தது. 1985 முதல் பெண்களுக்கும் குருத்துவம் அளிக்கிறது. 2010இல் அமெரிக்கத் தேசியத் திருச்சபைகள் மன்றத்திலும் இணைந்தது. ஒரே நிறுவனரிடமிருந்து வந்த இரு சபைகளுள் ஒன்று மரபுவழிக் கிறிஸ்தவத்தை நெருங்கியுள்ளது, மற்றொன்று விலகி நிற்கிறது.

எதிர்த் திசையில் சென்றோரும் உண்டு. 1890இல் சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தபோது, அதை ஏற்காதவர்கள் பின்னர் தனிக் குழுக்கள் ஆயினர். அவற்றுள் ஒன்றின் தலைவரான வாரன் ஜெஃப்ஸ், சிறுமியரைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதற்காக 2011இல் டெக்சாஸில் ஆயுள் தண்டனை பெற்றார். யூட்டா சபைக்கு இக்குழுக்களோடு தொடர்பு இல்லை. பலதார மணம் புரிவோரை அது விலக்கிவிடுகிறது.

மதிப்பீடு

தொடரும் வெளிப்பாடு என்ற கொள்கையே இச்சபைகளின் வலிமையும் பலவீனமும் ஆகும். தவறைத் திருத்த அது வழி தருகிறது. ஆனால் அத்திருத்தம் தலைவர் ஒருவரின் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியுள்ளது. ஸ்மித்தின் காலத்தில் எலியா ஏபல் போன்ற கறுப்பின ஆண்கள் குருத்துவம் பெற்றிருந்தனர். 1852இல் பிரிகாம் யங் வெளிப்படையாக அறிவித்த தடை, 1978 ஜூன் மாதம் வரை நீடித்தது. 1890ஆம் ஆண்டு அறிவிப்பும், சபையின் சொத்துகளைப் பறிமுதல் செய்யும் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த சில மாதங்களில்தான் வந்தது. அது இறை வெளிப்பாடா, அரசின் நெருக்கடிக்குப் பணிந்ததா என்ற விவாதம் இன்றும் உள்ளது.

எனினும், மறைநூல் மூடப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கை மட்டுமே இத்தகைய தவறுகளிலிருந்து காப்பாற்றிவிடும் என்று சொல்ல இயலாது. விவிலியம் ஒன்றையே ஏற்ற அமெரிக்கத் தென்மாநில பாப்டிஸ்டுகள், அடிமை முறை குறித்த பிணக்கால் 1845இல் தனிச்சபை அமைத்தனர். 1995இல்தான் அதற்கு மன்னிப்புக் கோரினர்.

இயேசுவை மீட்பராக ஏற்பதே கிறிஸ்தவத்தின் அளவுகோல் எனில், யூட்டா சபையினர் கிறிஸ்தவர்களே. நைசியா விசுவாச அறிக்கை அளவுகோல் எனில் அவர்கள் அதற்கு வெளியே நிற்கின்றனர்; கிறிஸ்துவின் சமூகம் உள்ளே வருகிறது. எனவே 'ஆம்', 'இல்லை' என்று கூறுமுன், எந்தப் பிரிவு, எந்த அளவுகோல் என்று கேட்பது மாணவர்களின் முதற்கடமை ஆகும். அதைக் கேட்காமல் தரப்படும் விடை, பலதார மணத்தை நூறாண்டுகளுக்கும் மேலாக விலக்கி வாழ்பவர்மீதும் அதே பழியைச் சுமத்திவிடும்.