சீருடையும் படக்குறிப்பும்: வதைமுகாம் காவலர் நிழற்படங்களை வாசித்தல்

நாஜி வதைமுகாம்களைப் பற்றிய நூல்களில் ஆவணக்காப்பக நிழற்படங்கள் சான்றாக இடம்பெறுகின்றன. படத்தின் கீழுள்ள குறிப்பையும் படத்தின் ஒரு கூறாகவே வாசகர் கொள்கின்றனர். ஆயின் அக்குறிப்பு பெரும்பாலும் வேறொருவரால், வேறொரு காலத்தில், வேறொரு நோக்கத்துடன் எழுதப்பட்ட தனிப்பனுவலாகும். சீருடை என்னும் குறிமுறையைப் படிக்காமல் குறிப்பை மட்டும் மொழிபெயர்க்கும்போது பிழை மொழிவிட்டு மொழி பெயர்ந்து நிலைபெற்றுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சீருடைச் சின்னங்கள் எதிர்நிலைகளால் பொருள் தருவன. கழுகுச் சின்னம் ஜெர்மானியத் தரைப்படையினர்க்கு வலமார்பிலும் எஸ்.எஸ். அமைப்பினர்க்கு இடக்கையின் மேற்பகுதியிலும் தைக்கப்பட்டது. சின்னம் ஒத்ததே, இடமே பொருளை வேறுபடுத்துகிறது. மண்டையோட்டுச் சின்னமும் அத்தகையதே. தொப்பியில் உள்ள மண்டையோடு எஸ்.எஸ். அனைவர்க்கும் பொது. வலக்கழுத்துப்பட்டையில் உள்ள மண்டையோடோ முகாம்களைக் காத்த பிரிவையும் அதிலிருந்து உருவான போர்முனைப் படைப்பிரிவையும் குறிக்கும். தொப்பியைக் கண்ட அளவிலேயே 'முகாம் காவலர்' என எழுதுவது, ஓர் ஒலியைக் கேட்டவுடன் அதன் சூழலை நோக்காமல் ஒலியன் எனத் துணிவதை ஒக்கும்.

வாஷிங்டனிலுள்ள யூதப் பேரழிவு நினைவு அருங்காட்சியகத்திற்கு 2007இல் வந்து சேர்ந்த ஒரு தொகுப்பு இங்கு நோக்கத்தக்கது. அமெரிக்க அதிகாரி ஒருவர் 1946இல் பிராங்பர்ட்டில் கண்டெடுத்த அதில் 116 படங்கள் உள்ளன. உடைமையாளர் பெயர் எங்கும் இல்லை. முதற்படத்தில் இரு அதிகாரிகள் நிற்கின்றனர். 'முகாம் தலைவர் பேயருடன்' என்ற பொருளில், ஆஷ்விட்ஸ், 21.6.44 எனக் குறிப்பு எழுதப்பட்டுள்ளது. எழுவாய் தொக்கி நிற்கும் இத்தொடரே சான்றாயிற்று. தொடரில் சொல்லப்படாதவரே தொகுப்புக்கு உரியவர். பேயரின் பெயருக்கு முன் 'ஸ்டூபாஃப்' என்னும் சுருக்கம் உள்ளது. 'ஸ்டூர்ம்பான்ஃபியூரர்' என விரியும் அப்பதவிக்கு இடக்கழுத்துப்பட்டையில் நான்கு விண்மீன்கள் உரியன. பேயரை விலக்கினால் எஞ்சுபவர் அவருடைய உதவி அதிகாரி கார்ல் ஹோக்கர். பிராங்பர்ட் வழக்கில் 1965இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர் அவர். இத்தொகுப்பு அந்நீதிமன்றத்தின் முன் இருந்ததில்லை. 'ஸ்டூபாஃப்' என்பதை 'மேஜர்' எனப் பெயர்த்துவிட்டால் படத்திற்கும் குறிப்பிற்கும் இடையிலுள்ள இக்கண்ணி அறுந்துவிடும். எஸ்.எஸ். பதவிப்பெயர்களை ஒலிபெயர்ப்பதே தக்கது என்பேன்.

அத்தொகுப்பிலேயே, ஆஷ்விட்ஸுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலிருந்த சோலாஹூட்டே ஓய்வகத்தில் ஹோக்கருடன் இளம்பெண்கள் பழம் உண்டு சிரிக்கும் படங்கள் உள்ளன. இவர்களைப் 'பெண் காவலர்' எனக் குறிப்பதுண்டு. அது பிழை. இவர்கள் 'ஹெல்ஃபரின்' எனப்பட்ட, தொலைபேசி, தந்தி, வானொலிப் பணிகளுக்குரிய உதவிப்பெண்கள். எஸ்.எஸ். ரூன் எழுத்துகளை இடமார்புப் பையில் அணியும் உரிமை பெற்றவர்கள். கைதிப்பெண்களைக் காத்தவரோ 'ஆவ்ஃப்சேயெரின்' எனப்பட்டனர், அவர்கள் எஸ்.எஸ். உறுப்பினராகாத பணியாளர், ரூன்கள் அணியவில்லை. ஆக, ரூன் அணிந்தவர் காவலர் அல்லர். காத்தவர்க்கு ரூன் இல்லை. ரூனின்மை இங்குச் சுழி உருபனைப் போல் பொருளுடையது. இவ்வேறுபாடு உதவிப்பெண்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதன்று. முகாமின் செய்திகளை அனுப்பியும் பெற்றும் வந்தவர் எதையும் அறியாதிருந்தனர் எனல் பொருந்தாது. எனினும் அவர்கள் செய்ததைச் செய்ததாகவே சொல்லவேண்டும்.

தமிழில் இடர் இன்னும் மிகுதி. 'காவலர்' என்றால் இன்று காவல்துறையினர். 'காவலாளி' என்றால் வாயில் காப்போர். 'சிறைக்காவலர்' என்பதோ சட்டப்படி நடக்கும் சிறையை நினைவூட்டும். 'ஆவ்ஃப்சேயெரின்' என்பதற்கு 'முகாம் மேற்பார்வைப்பெண்' என்பதும், 'ஹெல்ஃபரின்' என்பதற்குச் 'செய்தித்தொடர்பு உதவிப்பெண்' என்பதும் நீளமானவையெனினும் பொருந்துவன.

குறிப்பே பொருளை மறைக்கும் இடமும் உண்டு. வார்சா கெட்டோ அழிப்பைப் பற்றி 1943இல் ஸ்ட்ரூப் அளித்த அறிக்கையில், கொல்லப்பட்டவர்களின் உடல்களைப் பார்த்து நிற்கும் இருவர் படத்திற்கு 'அஸ்காரிகள்' எனக் குறிப்புள்ளது. போர்வீரரைக் குறிக்கும் அரபுச் சொல் சுவாஹிலி வழியாக ஜெர்மானியக் கிழக்காப்பிரிக்காவின் படைவழக்கில் புகுந்து இங்கு வந்துள்ளது. படத்திலிருப்போர் ஆப்பிரிக்கர் அல்லர். ட்ராவ்னிகி முகாமில் பயிற்றப்பட்டவர்கள். அப்பயிற்சி பெற்றவர்களே பெல்செக், சோபிபோர், ட்ரெப்ளிங்கா முகாம்களிலும் காவல் புரிந்தனர். குடியேற்ற நாட்டுச் சொல்லை ஐரோப்பியர்மீது ஏற்றிய இழிநோக்கு அச்சொல்லில் உள்ளது. ஆதலின் சொல்லை அவ்வாறே வைத்து விளக்கம் தருவதே முறை.

சீருடைச் சான்றுக்கும் எல்லை உண்டு. 1944இல் தரைப்படை, விமானப்படை வீரர் பலர் முகாம் காவலுக்கு மாற்றப்பட்டனர். அவ்வாண்டுப் படத்தில் எஸ்.எஸ். சின்னம் இல்லாமை காவலர் இல்லாமைக்குச் சான்றாகாது. மேலும் கறுப்புவெள்ளைப் படத்தில் ஓரப்பட்டையின் நிறம் தெரியாது.

சின்னம் வகையைச் சுட்டுமேயன்றி ஆளைச் சுட்டாது. சோபிபோரின் துணைத்தலைவர் நீமான் வைத்திருந்த 300க்கும் மேற்பட்ட படங்கள் 2020இல் வெளியிடப்பட்டன. அவற்றுள் இரண்டில் இருப்பவர், 2011இல் மியூனிக்கில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீடு முடியுமுன் 2012இல் இறந்த தெம்யான்யுக்காக இருக்கலாம் என உருவ ஒப்பீட்டின் துணைகொண்டு ஆய்வாளர் கூறினர். உடையைக்கொண்டு அவரை ட்ராவ்னிகிக் காவலர் எனலாம். பெயர் சொல்ல உடையால் இயலாது. 'இருக்கலாம்' என்னும் அவ்வினைமுற்றே தலைப்பைச் சுருக்கும்போது முதலில் நீக்கப்படுவது.