சேதுவை எவரும் எழுப்பவில்லை

பாலா இயக்கி 1999ஆம் ஆண்டின் இறுதியில் திரைக்கு வந்த 'சேது' திரைப்படத்தைத் தமிழ் மக்கள் இன்றும் கனத்த நெஞ்சோடு நினைவுகூர்கின்றனர். விக்ரமின் நடிப்பும் இளையராஜாவின் இசையும் பெற வேண்டிய புகழைப் பெற்றுவிட்டன. தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிட்டியது. விரும்பிய பெண்ணை மிரட்டி இணங்க வைக்கும் முற்பகுதி நமக்கு உவப்பானதன்று, அதை விட்டுவிடுவோம். பிற்பகுதியே நம் கவனத்துக்குரியது. மனநோயாளர் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் எழும் சித்திரத்தை வரைந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு என்பது நம் துணிபு.

தலையில் பலத்த அடிபட்டு நினைவு பிறழ்ந்த சேது, பாண்டிமடம் என்னும் இடத்தில் விடப்படுகிறான். அங்கே சங்கிலி, மழித்த தலை. மூளையில் பட்ட காயம் வேறு, மனச்சிதைவு நோய் வேறு என்று மருத்துவர் கூறுவர். திரையரங்கில் அமர்ந்திருந்தோர் அவ்வேறுபாட்டைக் கருதவில்லை. இயக்குநரும் கருதியதாகத் தெரியவில்லை. ஆனால் அவன் தெளிவடைகிறான். அவனைக் காண அபிதா வருகிறாள். அவன் உறங்கிக்கொண்டிருக்கிறான். இன்னும் தெளியவில்லை என்று எண்ணி, எழுப்பாமலே திரும்பிவிடுகிறாள். விழித்தவன் தனக்குச் சரியாகிவிட்டது என்று காவலர்களிடம் மன்றாடுகிறான், நம்புவார் இல்லை. இந்த ஒரு கட்டத்தில் படம் மாபெரும் உண்மையைத் தொட்டுவிடுகிறது. நோய் நீங்கிய பின்னும் நோயாளன் என்ற பெயர் நீங்குவதில்லை. அவன் சொல் செல்லாக் காசாகிவிடுகிறது.

உண்மையைத் தொட்ட இயக்குநர் அடுத்த அடியில் அதைக் கைவிட்டுவிட்டார். தப்பி வந்தவன் அபிதா இறந்து கிடக்கக் காண்கிறான். பின்பு தானாகவே மடத்து வண்டியில் ஏறிவிடுகிறான். துயர முடிவு கலைக்கு இழுக்கன்று. எனினும் அவனுக்கு அண்ணன் வீடு இருக்கிறது; உயிர் கொடுக்கும் நண்பர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரேனும் 'வீட்டுக்கு வா' என்று கையைப் பிடிக்கக் கூடாதா? தெளிந்தவனுக்கும் சங்கிலியே புகலிடம் என்று கதை ஒப்புக்கொள்ள, நாமும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டோம். 2012இல் வந்த '3' என்னும் படத்தின் நாயகனோ தன் நோயை மனைவியிடம் மறைத்து, இறுதியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். ஒன்றில் சங்கிலி, மற்றொன்றில் சாவு. வேறு முடிவே இல்லையா?

கோரிமேட்டில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியை வேராகக் கொண்ட ஜிப்மர் மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு விழுப்புரம், கடலூர் பக்கங்களிலிருந்து வருவோரைப் பாருங்கள். மகனை அழைத்து வந்த தாய், கணவனோடு வந்த மனைவி, தனியாகவே வந்து தன் சீட்டைத் தானே நீட்டும் நோயாளி. மருத்துவரிடம் நாலு வார்த்தை, மருந்துப் பொட்டலம், திண்டிவனம் பேருந்து. மறுநாள் அவரவர் வயலுக்கோ கடைக்கோ போய்விடுகின்றனர். இதில் கதை இல்லை என்று நம் படைப்பாளர் எண்ணுகின்றனர் போலும்.

சங்கிலி வெறும் திரைக்காட்சியன்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். திருச்சபையில் அது ஆண்டவரின் தோற்றமாற்ற விழா நாள். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது; சமூகத்தில் வாழும் உரிமையையும் அது நோயாளருக்கு அளிக்கிறது.

இவ்விடத்தில் மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைக் கதை என்ற அளவிலேயே வைத்து ஒப்பிட விரும்புகிறோம். கல்லறைகளிடையே அலைந்தவன், விலங்குகளை முறித்தவன். இயேசு அவனது பெயரைக் கேட்கிறார். சேதுவிடம் எவரும் கேட்காதது அது. ஊரார் வந்து பார்க்கையில் அவன் ஆடை அணிந்து, அறிவு தெளிந்து அமர்ந்திருக்கிறான். அப்போதுதான் அவர்களுக்கு அச்சம் உண்டாகிறது! வெறி கொண்டவனோடு பழகிப்போனவர்களுக்குத் தெளிந்தவனோடு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனோ இயேசுவோடு போய்விடத் துடிக்கிறான், அவர் இசையவில்லை. வீட்டாரிடம் அனுப்பிவிடுகிறார். மனநோய் அனைத்தும் பேயே என்று சாதிக்கவும், மருந்தை நிறுத்தச் சொல்லவும் இப்பகுதியையே காட்டுவோர் நம்மிடையே உளர். அவர்கள் அந்த இறுதி வரி வரை படிப்பதில்லை.

வீடு திரும்புதல் எளிதன்று. மருத்துவர் சாரதா மேனனும் உடன் உழைத்தோரும் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் இதில் நெடுங்காலம் பாடுபட்டு வருகிறது. கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா, தமிழகக் கிராமங்கள் ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயாளர் 282 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்றின் முடிவு 2014இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அதிலும் ஸ்கார்ஃபுக்குப் பங்குண்டு. மருத்துவரல்லாத உள்ளூர்ப் பணியாளர் பயிற்சி பெற்று வீடு தேடிச் சென்றனர். மருந்து, வேலை, குடும்பத்தாரின் சோர்வு எனப் பலவற்றையும் பேசினர். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட இவர்களுக்கு நோய்க்குறிகளும் செயல்முடக்கமும் ஓரளவு குறைந்தன. தமிழகக் கிராமங்களில் அப்பயன் தெளிவாகவே தெரிந்தது. ஆயின் நோயாளர் படும் இழிவும் பாகுபாடும் குறைந்ததாக அவ்வாய்வு காட்டவில்லை. வீட்டுக்குள் வரும் பணியாளர் அண்டை வீட்டாரின் நாக்கை என்ன செய்ய இயலும்?

சென்னையில் 1993இல் தோன்றிய பனியன் அமைப்பு, காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்களை நாலைந்து பேராக ஊர் நடுவே வாடகை வீடுகளில் குடிவைக்கிறது. பெல்ஜியத்தின் கீல் நகரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இடைக்காலத்திலிருந்தே, புனித டிம்ப்னாவின் திருத்தலத்துக்கு வந்த நோயாளரைத் தம் வீட்டில் வைத்துப் பேணி வந்தன.

நம் பங்குகளில் அன்பியக் கூட்டம் வீடு வீடாகச் சுற்றி வருகிறது. இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டின் முறை வரும்போது வீட்டாரே, 'எங்கள் வீட்டில் இந்த முறை வேண்டாம்' என்று தயங்கிச் சொல்கின்றனர். தங்கைக்கு வரன் பார்க்கிறார்களாம். நாலு பேர் வந்தால் பேச்சு வெளியே போய்விடுமாம். கேட்கச் சென்றவர் சரியென்று வாசலோடு திரும்பிவிடுகிறார். உள்ளே அந்தப் பிள்ளை விழித்துக்கொண்டுதான் இருக்கிறான்.