பாதியிலிருந்து தொடங்கச் சொல்லும் வழிகாட்டிகள்

‘டிராகன் பால்’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதையை (மாங்காவை) எழுதி வரைந்த அகிரா தொரியாமா 2024 மார்ச் முதல் தேதி தமது 68ஆம் வயதில் காலமானார். அவர் கதையமைத்துத் தந்துவிட்டுப் போன ‘டிராகன் பால் டைமா’ அதே ஆண்டு அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. இவ்விரண்டு சம்பவங்களுக்கும் பின்னர், நாற்பது ஆண்டுப் பழமையுள்ள அந்தக் கதையுலகத்துக்குள் புதிதாகப் பிரவேசிக்க விரும்புகிறவர்களுக்கென்று எழுதப்படும் வழிகாட்டிகள் பெருகிவிட்டன. எதை முதலில் பார்ப்பது, எதைத் தள்ளுவது, எந்தத் திரைப்படம் எந்த இடத்தில் பொருந்தும், மாங்காவைப் படிப்பதா அனிமேயைப் பார்ப்பதா என்றெல்லாம் வரிசைப்படுத்திக் கூறும் இக்கட்டுரைகளில் மிகப் பல, ஒரு விஷயத்தில் மட்டும் ஒருமித்த அபிப்பிராயம் கொண்டிருக்கின்றன. அவகாசம் இல்லாதவர் ‘டிராகன் பால் இஸட்’டிலிருந்தே தொடங்கலாம், கதாநாயகன் கோகு சிறுவனாக வரும் முதல் 153 எபிசோடுகள் அவசியமல்ல, அவற்றின் சாரத்தை நாலு வரியில் தெரிந்துகொண்டால் போதும் என்பது அந்த அபிப்பிராயம். இதை ஆட்சேபித்தவர்களுக்குச் சமாதானமாக, புதியவரை வாசலிலேயே நிறுத்திப் பரீட்சை வைப்பது பழைய ரசிகர்களின் கர்வம் என்றும் இப்போது சொல்கிறார்கள். இந்த யோசனையும் தவறு, அதற்குச் சொல்லப்படும் சமாதானமும் தவறு என்பது என் நெடுநாளைய கருத்து.

வழிகாட்டிகளால் நன்மையே இல்லை என்று சொல்வது அநியாயம். வாராவாரம் ஒளிபரப்பான அனிமே, மூலக்கதையை எட்டிப் பிடித்துவிடும் அபாயம் நேர்ந்தபோதெல்லாம், காட்சிகளை நீட்டியும், தொரியாமா எழுதாத கிளைக்கதைகளைச் செருகியும் காலத்தை ஓட்டியது. ஐந்து நிமிஷத்தில் வெடித்துவிடும் என்று வில்லன் ஃபிரீஸா அறிவிக்கும் நமெக் கிரகம் பல வாரங்கள் வெடிக்காமலே இருக்கிறது. இந்த ஃபில்லர் எபிசோடுகள் எவையெவை என்று அடையாளம் காட்டுவதும், அவற்றை நீக்கி 2009இல் வெளிவந்த ‘காய்’ பதிப்பைச் சிபாரிசு செய்வதும் நல்ல தொண்டு. ‘ஜீடி’ தொடர் மாங்காவிலிருந்து எடுக்கப்பட்டதன்று என்பதையும், 2013, 2015ஆம் ஆண்டுத் திரைப்படங்களின் கதையே ‘சூப்பர்’ தொடரின் ஆரம்பத்தில் மறுபடியும் சொல்லப்படுகிறது என்பதையும் புதியவர் தாமாக அறிய வழியில்லை. முதற்பகுதியில் கோகுவின் தோழி புல்மாவை வைத்தும் அவன் குரு மாஸ்டர் ரோஷியின் சபலத்தை வைத்தும் எழுதப்பட்ட ஹாஸ்யம் இன்று பல வீடுகளில் முகம் சுளிக்க வைக்கும் என்று பெற்றோரை எச்சரிப்பதும் முறையே.

ஆனால் ‘டிராகன் பால்’ வேறு, ‘டிராகன் பால் இஸட்’ வேறு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? தொரியாமா எழுதியது ஒரே கதை. 1984இன் இறுதியில் ‘ஷோனன் ஜம்ப்’ வார இதழில் தொடங்கி, 1995இல் 519ஆம் அத்தியாயத்தோடு முடிந்து, 42 தொகுதிகளாக வெளிவந்த அந்த மாங்காவுக்கு முதலிலிருந்து கடைசிவரை ஒரே பெயர்தான். 194ஆம் அத்தியாயத்தில் கோகு தான் மணக்கப்போகும் சீச்சியோடு புறப்பட்டுப் போகிறான். 195ஆம் அத்தியாயத்தில் ஐந்தாண்டுகள் கழிந்து வேற்றுக் கிரகத்திலிருந்து ராடிட்ஸ் வந்து இறங்குகிறான். நடுவில் முகப்பும் இல்லை, முடிவுரையும் இல்லை. டோயி நிறுவனத்தின் அனிமேதான் அந்த இடத்தில் பெயரை மாற்றியது. அதிலுங்கூட, பழைய தொடர் 1989 ஏப்ரல் 19 அன்று முடிந்து, அடுத்த வாரமே, 26ஆம் தேதி, ‘இஸட்’ என்ற புதிய பெயரோடு ஒளிபரப்புத் தொடர்ந்தது. ஜப்பானியச் சிறுவனுக்கு அது ஒரு வார இடைவெளி, அவ்வளவே.

அந்த ஒரு வாரத்தைப் பெரும் பிளவாக ஆக்கியது அமெரிக்க வியாபாரம். 1995இல் முதல் தொடரின் 13 எபிசோடுகளை மட்டும் ஆங்கிலமாக்கிப் பார்த்து, போதிய வரவேற்பில்லை என்று நிறுத்திவிட்டு, மறு ஆண்டே ‘இஸட்’டைக் கொண்டுவந்தார்கள், 1998இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் அது புகழின் உச்சிக்குப் போயிற்று, முதல் தொடர் முழுமையாக அங்கே காட்டப்பட்டது 2001க்குப் பின்னரே. மாங்காவை ஆங்கிலத்தில் வெளியிட்ட விஸ் நிறுவனமும் அதே வழியில், 42 தொகுதிகளை 16 என்றும் 26 என்றும் பிரித்து, பின்னதற்கு ‘டிராகன் பால் இஸட்’ என்று பெயரிட்டு, ஒரே நூலை இரண்டு நூலாக்கியது. ஆங்கிலத்தின் வழியாகவே இக்கதையை அறிந்தவர்களுக்கு, நம் நாட்டவர் பலர் உட்பட, இந்தப் பிரிவு இயற்கையான ஒன்றாகத் தோன்றிவிட்டது. 1988 முதல் தொலைக்காட்சியில் சிறுவன் கோகுவிலிருந்தே பார்த்துவந்த பிரெஞ்சு ரசிகர்களுக்கும், 1990 முதல் தங்கள் மொழியிலேயே பார்த்துவந்த கத்தலான் ரசிகர்களுக்கும் முதற்பகுதி ஒரு தடையாக இருந்ததில்லை. கதையின்மேல் அவர்கள் வைத்த பற்று அமெரிக்கர்களுடையதைவிடக் குறைந்ததும் அன்று. ஒரு நாட்டில் ஒரு காலத்தில் நேர்ந்த விற்பனை விபத்தை, இன்றைய வழிகாட்டிகள் கலை விதியாக உபதேசிக்கின்றன.

தலைமுறைகளைக் கடந்த ஒரு கதையில் பாதியிலிருந்து தொடங்குகிறவர் எதை இழக்கிறார் என்பதை ஒரே ஓர் இழையைப் பின்பற்றிக் காட்ட விரும்புகிறேன். முதல் அத்தியாயத்தில் நாம் காணும் கோகு, மலைக்காட்டில் தன்னந்தனியாக வாழும் வாலுள்ள சிறுவன். தன்னை எடுத்து வளர்த்து இறந்துபோன தாத்தாவின் ஞாபகார்த்தமாக, நான்கு நட்சத்திரங்கள் பதித்த பந்து ஒன்றை வைத்துக்கொண்டு, அதைத் தாத்தாவாகவே பாவித்துப் பேசுகிறவன். இரண்டாம் தொகுதியில், பிலாஃப் என்ற வில்லனின் கோட்டையில் நண்பர்களோடு சிறைப்பட்டிருக்கும் இரவில், தாத்தா எப்படி இறந்தார் என்பதைக் கள்ளங்கபடமில்லாமல் அவன் சொல்கிறான்: பூரணச் சந்திரனைப் பார்க்கக் கூடாது என்று தாத்தா எச்சரித்திருந்தார், அப்படிப்பட்ட ஓர் இரவில் ஏதோ ஒரு பூதம் வந்து அவரை மிதித்துக் கொன்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கும் யாம்சாவுக்கும் புல்மாவுக்கும் உண்மை விளங்கிவிடுகிறது, நமக்கும் விளங்கிவிடுகிறது, அவனுக்கு மட்டும் விளங்கவில்லை. சற்று நேரத்தில் அவன் சந்திரனைப் பார்த்து ராட்சதக் குரங்காகி, கோட்டையைத் தகர்த்து, வால் அறுபட்டு, ஒன்றும் நினைவில்லாத குழந்தையாக மறுபடியும் கண் விழிக்கிறான். நண்பர்கள் அவனிடம் சொல்வதில்லை என்று தீர்மானிக்கிறார்கள்.

இந்த மௌனத்தை நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் தாங்கிச் செல்கின்றன. தற்காப்புக் கலைப் போட்டியில் அவன் மறுபடியும் குரங்காகும்போது, மாறுவேஷத்தில் வந்த ரோஷி சந்திரனையே அழித்து அவனைத் தடுக்கிறார். அப்போதும் அவனுக்கு நடந்தது தெரியாது. குறி சொல்லும் பாபாவின் மாளிகையில், முகமூடி அணிந்து போரிட்ட முதியவர் முகமூடியைக் கழற்றுகிறார். மறுவுலகிலிருந்து ஒரு நாளைக்கு மட்டும் வந்த தாத்தா அவர் என்று கண்டதும் கோகு அழுதுகொண்டே அவர்மேல் பாய்ந்து அணைக்கிறான். வாசகர் மனம் அந்த இடத்தில் கரைவதற்குக் காரணம், அந்தப் பேரனுக்குத் தெரியாத ஒன்று தமக்குத் தெரிந்திருப்பதுதான். பல ஆண்டுகளுக்குப் பின், மனைவியும் மகனும் அடைந்தவனாகி, வேற்றுக் கிரகப் போர்வீரன் வெஜிட்டாவோடு உயிருக்குப் போராடும் கோகு, எதிரி தன் கண் முன்னே ராட்சதக் குரங்காக மாறுவதைப் பார்க்கிறான். பார்த்த அந்தக் கணத்தில், தாத்தாவைக் கொன்ற பூதம் தானே என்று உணர்கிறான். தொரியாமா அதற்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறியது. அழுது புலம்ப அவகாசமில்லை. போர் தொடர வேண்டும். ஆயினும் முதலிலிருந்து வந்தவருக்கு அந்தச் சில கட்டங்கள் முழுக்கதையிலும் மிகக் கனமான கட்டங்கள். ‘இஸட்’டிலிருந்து தொடங்கியவருக்கு அது ஒரு தகவல், சண்டைக்கு நடுவே வந்துபோகும் ஒரு பழைய செய்தி. அவர் அந்த வாக்கியத்தைக் கேட்பார், அடுத்த குத்து எப்போது விழும் என்று காத்திருப்பார். குற்றம் அவருடையதன்று; அவரை அங்கே அழைத்துவந்து உட்காரவைத்தவர்களுடையது.

மற்ற சம்பவங்களும் இப்படித்தான். நமெக்கில் ஃபிரீஸா, கோகுவின் நண்பன் கிரிலினைக் கொல்லும்போது கோகுவின் கோபம் எல்லை கடந்து அவனைச் சூப்பர் சயனாக மாற்றுவது, ‘இஸட்’ ரசிகர்கள் அனைவரும் கொண்டாடும் காட்சி. அந்தக் கோபத்தின் காரணம் என்ன? பந்துகளைச் சேர்த்தால் தோன்றி வரமளிக்கும் பூமியின் டிராகன், ஒருவனை இரண்டாம் முறை உயிர்ப்பிக்காது. கிரிலினோ முன்பே ஒரு முறை, பிக்கோலோ பேரரசனின் சேவகன் டாம்பரீன் கையில் மாண்டு, டிராகனால் மீண்டவன். அவனோடு ரோஷியின் தீவில் பால் புட்டி சுமந்து, ஆமை ஓட்டை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிப் பயின்ற நாட்களும், அந்த முதல் மரணத்தின்போது கோகு வெறிகொண்டு எழுந்த காட்சியும் முதற்பகுதியில்தான் இருக்கின்றன. வெஜிட்டாவின் கூட்டாளி நாப்பாவின் தாக்குதலுக்குக் குறுக்கே நின்று, அந்தப் பேரரசனின் மகன் பிக்கோலோ சிறுவன் கோஹானுக்காக உயிர் விடுவதும் அவ்வாறே. தந்தையைக் கொன்ற கோகுவைப் பழிவாங்குவதற்கென்றே பிறந்தவன், போட்டியில் தோற்றபின் கோகுவாலேயே உயிர் பிழைக்கவிடப்பட்டவன், அந்த எதிரியின் மகனுக்காக இறக்கிறான். இந்த வரலாற்றை அறியாதவருக்கு அவன் பச்சை நிறத்து ஆசிரியன்; அறிந்தவருக்கு அவன் ஒரு பரம்பரைப் பகையின் முடிவு. பின்னால் வரும் செயற்கை மனிதர்களும் செல் என்ற வில்லனும், சிறுவன் கோகு அழித்த ரெட் ரிப்பன் சேனையின் பழிவாங்கலிலிருந்தே தோன்றுகின்றனர். 2022இல் வந்த ‘சூப்பர் ஹீரோ’ திரைப்படமும் அச்சேனையின் வாரிசுகளையே மறுபடியும் எழுப்புகிறது.

இதற்கெல்லாம் சுருக்கம் போதும் என்பார்கள். நான் மேலே எழுதியதே ஒரு சுருக்கந்தான். இதைப் படித்துவிட்டு ஒருவர் கண் கலங்கியிருப்பாரா? கதையின் தகவல்களைச் சுருக்கலாம். ஒரு பாத்திரத்தோடு நாம் கழித்த காலத்தைச் சுருக்க முடியாது. தொரியாமாவின் வாசகர்கள் அந்தச் சிறுவனோடு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், வாரம் ஒரு முறை பழகிய பின்னரே, அவன் வேற்றுக் கிரகத்தவன் என்று ராடிட்ஸ் வாயால் கேள்விப்பட்டார்கள். அவன் வாலுக்கும் அவன் வலிமைக்கும் அதுவரை யாரும் காரணம் கேட்டதில்லை. ஹாஸ்யக் கதையில் அப்படித்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஏற்றுக்கொண்டதற்கே ஒரு பயங்கரமான காரணம் இருந்தது என்று தெரியவரும் திகைப்பைப் பாதியில் நுழைந்தவருக்கு எந்தச் சுருக்கம் தரும்? தொரியாமா தம் கதைக்கு வித்தாக எடுத்துக்கொண்ட சீனக் காவியமான ‘மேற்கு நோக்கிய பயணம்’ நூறு அத்தியாயங்கள் கொண்டது. அதன் முதல் ஏழு அத்தியாயங்கள், துறவியும் யாத்திரையும் வருமுன், கல்லிலிருந்து பிறந்த குரங்கின் குறும்பையும் கலகத்தையும் வீழ்ச்சியையும் மட்டுமே சொல்கின்றன. யாத்திரைதான் முக்கியம் என்று அந்த ஏழு அத்தியாயங்களையும் நீக்கிவிடும்படி யாரும் சொல்வதில்லை.

முதற்பகுதி வெறும் வேடிக்கை, கதை தீவிரமாவது ‘இஸட்’டில்தான் என்ற வாதம் எல்லாவற்றிலும் மோசமானது. வேடிக்கையே தொரியாமாவின் பிறவி மேதைமை. இதற்கு முன் அவர் எழுதிப் புகழ்பெற்ற ‘டாக்டர் ஸ்லம்ப்’ முழுவதும் ஹாஸ்யம். கோகு அதன் பெங்குவின் கிராமத்துக்கே ஒருமுறை போய் அதன் நாயகி அராலேயைச் சந்திக்கிறான். ஜாக்கி சானின் குங்ஃபூ ஹாஸ்யத்தை ரசித்துக் கற்ற அந்தக் கை, தெளிவான கோட்டினாலும், உடல் எந்தத் திசையில் பாய்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்டும் கட்ட அமைப்பினாலும், சண்டையை நகைச்சுவையின் தாளத்திலேயே வரைந்தது. இதை அறியாமல் வந்தவர்களே கடைசிப் பகுதியான, பூ என்ற வில்லன் வரும் கதையைப் பார்த்து, தொரியாமா தளர்ந்துவிட்டார், கோமாளித்தனம் புகுந்துவிட்டது என்று குறை சொல்கிறார்கள். முகமூடி வீரனாக வேஷம் போடும் கோஹானும், வீம்பு பேசும் மிஸ்டர் சேட்டனும் புதிதாகப் புகுந்தவர்கள் அல்லர். அவர்கள் ஆசிரியர் தம் சொந்த வீட்டுக்குத் திரும்பியதன் அடையாளம். ‘டைமா’வில் கோகு மறுபடியும் சிறுவனாகி, பழைய மந்திரத் தடியைக் கையிலெடுக்கும்போது அவர் எந்த வீட்டை நேசித்தார் என்பதில் சந்தேகமே இருக்க முடியாது. தம் கடைசிப் படைப்பில் அவர் தேடிப் போன இடத்தை, அவர் பெயரால் எழுதப்படும் வழிகாட்டி, நேரமிருந்தால் பார்க்கலாம் என்கிறது.

நீளந்தான் அச்சமென்றால் அதற்கு வழி உண்டு. 153 எபிசோடுகளைப் பார்க்க அவகாசமில்லாதவர் மாங்காவின் முதல் பதினாறு தொகுதிகளைப் படிக்கலாம். அவை விரைவாக நகர்பவை, ஃபில்லர் இல்லாதவை, அனிமேயின் தாமதங்கள் எதுவும் தொடாதவை. அங்கிருந்து ‘காய்’ பதிப்புக்குப் போவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அனிமே, மாங்கா என்ற இரண்டுக்கும் நடுவே பாலம் போட்டுக் கொடுப்பதுதான் வழிகாட்டி செய்யவேண்டிய காரியம். அதைச் செய்யாமல், எந்த வில்லன் எந்த எபிசோடில் வருவான், எந்த உருமாற்றம் எப்போது நிகழும் என்று பட்டியல் போட்டு, அவற்றுக்கு விரைவில் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே தொண்டாக நினைப்பவர்கள், ஒரு கலைஞனின் பதினோராண்டு உழைப்பை உருமாற்றங்களின் தொகுப்பாக மதிக்கிறார்கள். அவர்களுக்கு இக்கதையின்மேல் அன்பில்லை என்று சொல்லமாட்டேன். தாங்கள் எதனால் அதை நேசிக்கிறார்கள் என்று அவர்கள் சிந்தித்ததில்லை என்று சொல்வேன்.

வழிகாட்டி எழுதும் நண்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ‘இஸட்’டிலிருந்து தொடங்கலாம் என்ற வரியை அடித்துவிட்டு, முதல் தொகுதியின் முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள் என்று எழுதுங்கள்.