பூச்சுக்கு அடியில் இருக்கும் மரம்: பழைய மின்கிட்டார்களின் உடல்மரத்தைக் கண்டறியும் முறை

1950களிலும் 60களிலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருவான மின்கிட்டார்கள் இன்று பழம்பொருள் சந்தையில் பெருவிலை பெறுவதால், அவற்றின் ஒவ்வோர் உறுப்பும் தொடக்கத்திலேயே பொருத்தப்பட்டதுதானா என்று கூர்ந்து ஆராயப்படுகிறது. கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்புகளும், பற்றவைப்புகளும், மேற்பூச்சும் தம் காலத்தைக் காட்டும் தடயங்களை ஏதேனும் ஒரு வகையில் தாங்கியிருக்கின்றன. ஆனால் கருவியின் பெரும்பகுதியாக அமைந்த உடற்கட்டை எந்த மரத்தைச் சேர்ந்தது என்பதைத் தொழிற்சாலை அதன்மேல் எழுதிவைக்கவில்லை. எனவே வணிகர்களும் சேகரிப்பாளர்களும் பழுதுநீக்குவோரும் கண்ணையும் கையையும் நூலறிவையும் கொண்டு அதைத் தீர்மானிக்கும் ஒரு வழக்கம் உருவாகியுள்ளது. பல தலைமுறை அனுபவம் செறிந்த அவ்வழக்கம் மதிக்கத்தக்கது. எனினும் அதன் முடிவுகளில் பல, மரத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டவை அல்ல, மரபுரையைப் பார்த்துச் சொல்லப்பட்டவை என்பதே அதன் அடிப்படைக் குறை.

வழக்கமான ஆய்வு கருவியின் வகை, ஆண்டு, நிறம் ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் இயங்கிய ஃபெண்டர் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு முதலில் ஆஷ் மரத்தைப் பயன்படுத்தியது. 1956இன் நடுப்பகுதி முதல் ஓரம் கருத்து நடு வெளுத்த ‘சன்பர்ஸ்ட்’ நிறக் கருவிகளுக்கு ஆல்டரைக் கையாண்டு, மரவரி தெரியும் வெளிர்மஞ்சள் பூச்சுக்கு மட்டும் ஆஷைத் தொடர்ந்தது. கிப்சன் நிறுவனம் 1952இல் அறிமுகப்படுத்திய லெஸ் பால் கிட்டாருக்கு மகாகனிக் கட்டையின்மேல் மேப்பிள் மூடியை ஒட்டியது; அதன் உயர்விலை வடிவமான ‘கஸ்டம்’ கருவியை மட்டும் 1950களில் மூடியின்றி முழு மகாகனியாகவே செய்தது. இத்தகைய அறிவு, உலகின் எண்ணற்ற மரங்களில் எது என்ற கேள்வியை இரண்டு மூன்று மரங்களில் எது என்ற கேள்வியாகச் சுருக்கிவிடுகிறது. வெறுங்கண்ணால் மரம் பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஆயினும் இவ்வுதவியே வட்டவாதத்துக்கும் இட்டுச்செல்கிறது. 1958ஆம் ஆண்டுச் சன்பர்ஸ்ட் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆல்டராகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், அதில் ஆல்டரையே காண்கிறார். அவர் கண்டது பின்னர் அதே விதிக்குச் சான்றாகச் சேர்க்கப்படுகிறது. தொழிற்சாலைகள் கையிருப்பையும் விலையையும் நோக்கி மரம் வாங்கியவை. பிற்காலச் சேகரிப்பாளரின் பட்டியலுக்கு அவை கட்டுப்பட்டிருக்கவில்லை. ஃபெண்டரின் முதல் திடவுடல் கருவிகளுக்கு 1949இல் செய்யப்பட்ட மாதிரிகள் பைன் மரத்தாலானவை. அந்நிறுவனத்திலிருந்து 1950இல் வெளிவந்த தொடக்க கால எஸ்குயர் கிட்டார்களிலும் பைன் உடல்கள் உண்டு. தொடக்க கால ஃபெண்டர்களில் ஆஷ் மட்டுமே உண்மையானது என்னும் விதியை நேர்மையாகப் பின்பற்றும் ஒருவர், மிக அரிய கருவி ஒன்றைப் போலி என்று ஒதுக்கிவிட இதனால் இடமுண்டு.

மரமே பேச வேண்டுமானால் அதன் குறுக்குவெட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். கிட்டாரில் மரவரி உடலின் நீளவாக்கில் ஓடுவதால், பிக்கப் பள்ளத்திலும் கழுத்து பொருந்தும் பள்ளத்திலும் அவ்வரியைக் குறுக்கே வெட்டும் சுவர்களில் இம்முகம் வெளிப்படுகிறது. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் இதற்குப் போதும். ஆஷ், தாவரவியலார் வளையத் துளைக் கட்டை என்று வகுக்கும் இனம். ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் நீர்கடத்தும் குழாய்களின் பெரிய துளைகள் வரிசையாக நிற்க, வளையத்தின் பிற்பகுதியில் அவை சட்டென்று சிறுத்துவிடுகின்றன. மேற்பூச்சுக்கு முன் ஆஷின் துளைகளை நிரப்பியாக வேண்டிய கட்டாயமும் இதனால் ஏற்படுவதே. ஆல்டரோ பரவல் துளைக் கட்டை. அதன் நுண்துளைகள் வளையம் முழுவதும் ஏறத்தாழச் சமமாகப் பரவியுள்ளன. மையத்திலிருந்து பட்டை நோக்கி ஓடும் கதிர்த்திசுக்கள் அதில் ஆங்காங்கே திரண்டு, அகன்ற ஒற்றைக் கதிர்போலத் தோன்றுகின்றன. பாஸ்வுட், பாப்லர் போன்ற வெளிர்நிறப் பரவல் துளைக் கட்டைகளில் இத்திரள்கதிர்கள் இல்லை. ஆகவே பூச்சின் நிறத்தையோ ஆண்டையோ நம்பாமல் ஆல்டரை அவற்றிலிருந்து பிரிக்க இயலும். வணிக விவரிப்புகளில் இவ்வடையாளம் அரிதாகவே சுட்டப்படுவது வருந்தத்தக்கது.

ஜப்பானிய கருவிகளில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. 1970களில் அங்கே உருவானவற்றில் ஆஷ் என்று வழங்கப்படும் பல உடல்கள், உண்மையில் கிழக்காசியாவில் வளரும் சென் என்னும் மரத்தாலானவை. வரியமைப்பு ஆஷை அப்படியே ஒத்திருப்பதால் தட்டையான முகத்தைப் பார்த்துப் பிரிப்பது கடினம். குறுக்குவெட்டிலோ வேறுபாடு தெளிவாகிறது: சென்னில் பெருந்துளைகள் பெரும்பாலும் ஒற்றை வரிசையில் நிற்க, பின்பருவச் சிறுதுளைகள் அலையலையான பட்டைகளாக இணைகின்றன, ஆஷில் பெருந்துளைகள் பல வரிசைகளாகவும், சிறுதுளைகள் தனித்தனியாகவோ இரண்டு மூன்றாகவோ சிதறியும் காணப்படுகின்றன.

எடையைக் கொண்டு மரத்தைச் சொல்லும் பழக்கம் இவ்வழக்கத்தின் மிகப் பலவீனமான பகுதி. இலேசான ஆஷ் உடலை ‘சதுப்பு ஆஷ்’ என்று அழைப்பது மரபு. அது தனித்த ஓர் இனம் அன்று, அமெரிக்காவின் தென்பகுதியில் வெள்ளம் தேங்கும் நிலங்களில் வளரும் சில ஆஷ் இனங்களிலிருந்து கிடைக்கும் இலேசான கட்டைக்குரிய வணிகப்பெயர். 1970களின் ஃபெண்டர் கருவிகள் பலவற்றின் கனத்த உடலும் ஆஷ்தான். ஒரே பேரினத்துக்குள் எடை இத்துணை மாறுபடுகையில், தராசு கருவியின் கனத்தைச் சொல்லுமேயன்றி மரத்தின் பெயரைச் சொல்லாது.

மகாகனியைப் பொறுத்தவரை வணிகப்பெயர்களே பெருந்தடை. கிப்சன் கருவிகளின் புகழுக்குக் காரணமான மகாகனி, நடு அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்ந்த ஸ்வீட்டினியா பேரினத்தது. ஆப்பிரிக்க மகாகனி எனப்படும் கயா அதன் நெருங்கிய உறவு. பிலிப்பைன் மகாகனி எனப்படுவதோ ஷோரியா முதலிய மரங்களைக் குறிப்பது, அதாவது வேறு குடும்பம். ஸ்வீட்டினியாவில் வளர்ச்சி வளையத்தின் எல்லையில் வெளிறிய மெல்லிய கோடு ஓடுகிறது; கதிர்கள் அடுக்கடுக்காக அமைவதால் தட்டை முகத்தில் நுண்ணிய அலைக்கோடுகள் தோன்றுவதும் வழக்கம். கயாவில் இவ்விரண்டும் பொதுவாக இல்லை. ஷோரியாவிலோ பிசின் நிறைந்த குழல்கள் கோடுகளாக வரிசையிடுகின்றன. இவற்றைப் பார்க்காமல் செந்நிறத்தையும் எடையையும் கொண்டு ‘ஹோண்டுராஸ் மகாகனி’ என்று எழுதும் விற்பனைச் சான்று, ஒரே சொற்றொடரில் மரத்தையும் நாட்டையும் ஆதாரமின்றி அறிவித்துவிடுகிறது.

சரியான அடையாளமும் கூடப் பழைமைக்குச் சான்றாவதில்லை என்பதற்கு 1958இல் கிப்சன் வெளியிட்ட ஃப்ளையிங் வி, எக்ஸ்ப்ளோரர் கருவிகள் நல்ல எடுத்துக்காட்டு. மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட இவற்றின் உடல், ‘கொரினா’ என்ற பெயரில் விற்கப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க லிம்பா மரம்; தமிழ்நாட்டின் மருதமும் கடுக்காயும் சேர்ந்த டெர்மினாலியா பேரினத்தது. லிம்பா இன்றும் சந்தையில் கிடைப்பதால், போலி செய்பவரும் அதையே வாங்குகிறார். மரம் தவறானால் கருவி ஐயத்துக்குரியது. மரம் சரியானால் அந்த ஓர் ஐயம் மட்டுமே நீங்குகிறது.

கைலென்ஸைவிடக் கூர்ந்து காட்டும் நுண்ணோக்கிக்கும் எல்லை உண்டு. பன்னாட்டு மர உடற்கூறியலாளர் சங்கம் 1989இல் வெளியிட்ட 163 அடையாளங்களின் பட்டியல் இத்துறையின் பொதுமொழியாக விளங்கினும், மர உடற்கூறு பெரும்பாலும் பேரினம் வரையே உறுதியாக அழைத்துச்செல்கிறது. ஸ்வீட்டினியாவின் இனங்களை அவ்வழியில் நம்பகமாகப் பிரிக்க இயலாது. வளர்ந்த நாட்டையும் அது சொல்லாது. இது சட்டத்தோடும் தொடர்புடையது: அமெரிக்க வெப்பமண்டலத்துப் பேரிலை மகாகனி 2003 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்க, தமிழ்நாட்டுத் தோட்டங்களில் நடப்படும் அதே இனம் அக்கட்டுப்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. ஆதலின் நேர்மையான சான்று, ‘ஸ்வீட்டினியா பேரினம், பிக்கப் பள்ளத்தின் குறுக்குச் சுவரில் கைலென்ஸால் பார்த்தது’ என்ற அளவில் நிற்பதே முறை.

மரம் ஒலியைத் தீர்மானிக்கிறதா என்ற வழக்காடலை இவ்வாய்வில் கலப்பது தேவையற்றது. பிக்கப் கம்பியின் அதிர்வையே உணர்கிறது. உடலின் பங்கு எவ்வளவாயினும், ஒலியைக் கேட்டு மரத்தின் பெயரைச் சொல்ல முடியும் என்பதற்கு அது ஆதாரமாகாது.

எஞ்சுவது மாதிரி எடுக்கும் கேள்வி. இயந்திரம் குடைந்த சுவரில் துளைகள் நசுங்கியும் சாயமும் பூச்சும் ஏறியும் இருப்பதால், கூரிய அலகால் சிறு பரப்பைச் சீவாமல் கைலென்ஸ்கூடப் பல சமயம் பயன்படாது. தொடாத மேற்பரப்பையே மூலமெனப் போற்றும் சேகரிப்பாளரோ அதற்கு உடன்படுவதில்லை. அவருடைய தயக்கம் நியாயமானது. மேற்பூச்சின்மேல் எவரும் கத்தி வைக்கக்கூடாது. ஆனால் கருவி பொருத்தப்பட்டபின் கண்ணில் படாத பள்ளச் சுவரில் நகக்கண் அளவு சீவுவதும், பழைய திருகுத் துளையின் விளிம்பிலிருந்து ஒரு சிம்பை எடுப்பதும், விலையில் பெரும்பகுதி மரத்தின் பெயரைச் சார்ந்திருக்கும் விற்பனையில் தாங்கத்தக்க இழப்பே ஆகும். சீவிய இடத்தையும் நாளையும் சான்றில் குறித்துவைத்தால், பின்னர் வருபவர் அதே இடத்தில் மீண்டும் பார்க்கவும் முடியும்.