சக்திதரனின் ‘கவுன்டிங் அண்ட் கிராக்கிங்’: மறந்ததும் மறைத்ததும்

‘கவுன்டிங் அண்ட் கிராக்கிங்’ ஆஸ்திரேலியாவில் வாழும் ஈழத் தமிழ் வழிவந்த நாடகாசிரியர் எஸ். சக்திதரன் எழுதிய முதல் முழுநீள நாடகம். ஈமன் ஃபிளாக் இயக்கினார். 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறியது. 2020-இல் விக்டோரிய இலக்கியப் பரிசைப் பெற்றது. 2022-இல் எடின்பரோவிலும் 2024-இல் நியூயார்க்கிலும் நிகழ்த்தப்பட்டது.

தலைகளை எண்ணும்வரை அது மக்களாட்சி. அந்த எல்லையைத் தாண்டினால் தலைகள் உடையத் தொடங்கும். நாடகத்தின் பெயர் தரும் பொருள் இதுதான்.

கதை

1956 முதல் 2004 வரை, நான்கு தலைமுறைகளின் கதை. ராதா 1983 கலவரத்துக்குப்பின் கருவுற்ற நிலையில் கொழும்பை விட்டு சிட்னிக்கு வருகிறாள். கணவன் திரு இறந்துவிட்டதாக நம்புகிறாள். மகன் சித்தார்த்தாவிடம் ஊரைப் பற்றிப் பேசுவதே இல்லை. இருபத்தோராண்டுகள் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது: திரு உயிரோடு இருக்கிறான். படகில் ஆஸ்திரேலியா வந்து சேரும் அவனைத் தடுப்பு முகாம்தான் வரவேற்கிறது.

ராதாவின் மௌனம் கற்பனை அல்ல. நாடகாசிரியரின் தாயார் ஆனந்தவல்லி பரதநாட்டியக் கலைஞர். சிட்னியில் லிங்காலயம் நடனக் குழுவை உருவாக்கியவர். அவரும் நெடுங்காலம் மகனிடம் இலங்கையைப் பற்றிப் பேசவில்லை. மகன் உறவினர்களிடமும் மற்றவர்களிடமும் கேட்டுக்கேட்டு நாடகத்தை எழுதிய பிறகே அந்தப் பூட்டு திறந்தது. சக்திதரனின் அடுத்த நாடகமான ‘தி ஜங்கிள் அண்ட் தி சீ’யில் (2022), காந்தாரியைப்போலக் கண்ணைக் கட்டிக்கொள்ளும் தாயாக ஆனந்தவல்லியே நடித்தார்.

மேடை மொழி

இந்நாடகத்தின் பெரும் வெற்றி அதன் மொழி ஏற்பாடு. பாத்திரங்கள் தமிழிலோ சிங்களத்திலோ பேசும்போது, அருகில் நிற்கும் இன்னொரு நடிகர் அதை ஆங்கிலத்தில் சொல்கிறார். திரையில் எழுத்து ஓடுவதில்லை. பார்வையாளர் முதலில் மூலமொழியின் ஓசையைக் கேட்கிறார். பிறகு பொருளைப் பெறுகிறார். ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் ஒரு கணம் காத்திருக்க வேண்டும். புலம்பெயர்ந்தவர் அன்றாடம் படும் அந்தக் காத்திருப்பைப் பெரும்பான்மையினரும் சிறிது நேரம் அனுபவிக்கிறார்கள். சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956-ஐப் பேசும் நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி இருக்க முடியாது. பதினாறு நடிகர்கள் ஏறத்தாழ ஐம்பது பாத்திரங்களை ஏற்பதும் இதே நோக்கில்தான். ஒருவர் குரலில் பலர் வாழ்கிறார்கள்.

குறை

ராதாவின் தாத்தாவான ‘அப்பா’ கணிதம் கற்ற அரசியல்வாதி; மக்களாட்சியின் காவலர். சிங்கள நண்பர் வின்சந்தாவுடனான அவரது நட்பு முறிவதே நாட்டின் முறிவாகக் காட்டப்படுகிறது. இப்பாத்திரத்துக்கு மாதிரி, நாடகாசிரியரின் பூட்டனாரான சி. சுந்தரலிங்கம். அவர் கணிதப் பேராசிரியர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். பின்னாளில் தனி ஈழம் கோரிய முன்னோடிகளுள் ஒருவரும் அவரே. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைவதை எதிர்த்து முன்னின்றவரும் அவரே.

நாடகத்தின் ‘அப்பா’விடம் இந்தக் கடைசி முகம் இல்லை. புனைவுக்கு உரிமை உண்டு; மாதிரி மனிதரை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாத் தலைகளையும் சமமாக எண்ணுவதே மக்களாட்சி என்று சொல்லும் நாடகம், தன் வீட்டு வாசலில் எண்ணப்படாத தலைகளைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும். கறுவாத்தோட்டத்து வீட்டின் இழப்பு பெரிதுதான். சமையலறையும் கோயில் வாசலும் வேறொரு கதை சொல்லியிருக்கும். மௌனத்தை உடைக்க வந்த நாடகத்தில் எஞ்சிய மௌனம் இது.

நமக்கு

இக்குறை நாடகத்தின் மதிப்பைக் குலைக்காது. அடுத்து எழுத வருபவருக்கு இடம் காட்டுகிறது. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர்கள் தமிழரோடு ஒரே கூரையின்கீழ் தைக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாவில் ஒரு மாணவி ஒடியாவில் தன் ஊர்க்கதையைச் சொல்ல, அருகில் நிற்கும் தோழி அதைத் தமிழில் சொல்லலாம். இதற்குத் திரையோ கருவியோ செலவோ தேவையில்லை. பக்கத்தில் நின்று காது கொடுக்கும் ஒரு ஆள் போதும். சிட்னி மேடையில் நம்மவர் கதைக்குப் பிறர் காத்திருந்தார்கள். இங்கே காத்திருக்க வேண்டிய பெரும்பான்மை நாம்தான்.