விடை தெரிந்த ஆய்வுகள்

தமிழ்த்துறைகளில் 'பெண்ணிய நோக்கில்' என்ற தலைப்போடு ஆய்வேடுகள் குவிவதைக் குறை சொன்னால் நெறியாளர்கள் கையில் ஒரு பதில் இருக்கிறது: பேசாப்பொருளைப் பேச வைத்திருக்கிறோமே, போதாதா? போதாது.

பெண்ணியக் கோட்பாடு ஆய்வுலகுக்குச் செய்த நன்மையை மறுக்கவில்லை. எஸ்தர் போஸ்ரப்பின் 1970ஆம் ஆண்டு நூல் வயலில் நிற்கும் பெண்ணை வளர்ச்சிப் பொருளியலின் கணக்குக்குள் கொண்டுவந்தது. சாதியையும் பெண்ணடிமையையும் தனித்தனியே பார்க்க முடியாதென்று உமா சக்கரவர்த்தி 1993இல் எழுதியபின் பண்டைய வரலாற்றைப் பழையபடி எழுத முடியவில்லை. நல்லது.

மானிடவியலாளர் சாரா ஹெர்டி 1970களில் ராஜஸ்தானின் அபு மலைக் குரங்குகளைப் பார்க்கப் போனபோது, நெரிசல்தான் கடுவன்களைக் குட்டிகளைக் கொல்லத் தூண்டுகிறது என்ற ஊகத்தோடு போனார். அங்கே கண்டது வேறு. கூட்டத்தைப் புதிதாகப் பிடிக்கும் கடுவன் முந்தையவனின் குட்டிகளைக் கொன்றது. மந்திகளோ பல கடுவன்களோடு கூடித் தகப்பன் யாரென்ற குழப்பத்தை உண்டாக்கின. பெண் என்றால் ஒதுங்கி நிற்பவள் என்ற பழைய உயிரியல் நம்பிக்கை ஆட்டம் கண்டது. அவர் கொண்டுபோன ஊகமும் கூடவே உடைந்தது. எனக்கு முக்கியம் இந்த இரண்டாவதுதான்.

நம் ஆய்வேடுகளில் எதுவும் உடைவதில்லை. முதல் இயல் 'பெண்ணியம்: தோற்றமும் வளர்ச்சியும்'. 1792இல் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், 1949இல் சிமோன் தி பொவ்வார், 1970இல் கேட் மில்லட். பிறகு பெண்ணியத்தின் வகைகள். (முந்தைய ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்த பக்கங்கள் பல.) அடுத்த இயல்களில் அம்பையோ சிவகாமியோ யாராயினும் பெண் ஒடுக்கப்படுகிறாள், குரலிழக்கிறாள், விழித்தெழுகிறாள். விழித்தெழாவிட்டால் ஆசிரியர் ஆணாதிக்கத்துக்குத் துணைபோனவர். எப்படிப் போனாலும் கோட்பாடே வெல்லும்.

ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதுமுன் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் அந்த மக்களோடு பழகினார். நாவலை ஆராய்பவர் 'இரட்டை ஒடுக்குமுறை' என்று நான்கு பத்தி எழுதிவிட்டு நகர்கிறார். பாத்தியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலை எப்படிப் பிரிகிறது, கூலியை யார் முடிவுசெய்கிறார், அதே வெயிலில் நிற்கும் ஆணுடைய நிலை என்ன, இவற்றில் நாவல் எதைப் பார்த்தது, எதை விட்டது? கேள்வியே இல்லை. நாவலாசிரியர் போன தூரம்கூட ஆய்வாளர் போவதில்லை.

கோட்பாட்டைக் குறை சொல்லாதே, சோம்பலைச் சொல் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் எதைக் கொடுத்தாலும் விளக்கிவிடும் கோட்பாடு சோம்பேறிக்குத்தான் முதலில் பிடிக்கும். இது அரசியல் செயல்பாடு, முடிவு முன்பே தெரிந்திருந்தால் என்ன தவறு என்று கேட்போரும் உண்டு. துண்டறிக்கையில் தவறில்லை. அதற்கு முனைவர் பட்டம் ஏன் என்பதுதான் என் கேள்வி. வாய்மொழித் தேர்வில் ஒரு தடவையாவது கேட்டுப் பாருங்கள்: எந்தச் சான்று கிடைத்திருந்தால் உங்கள் முடிவு மாறியிருக்கும்? மாணவர் விழிப்பார், நெறியாளருக்குக் கோபம் வரும்.