முயலின் குரல்

வேட்டைக் கதை என்றால் நமக்குப் புலி வேண்டும். ஜிம் கார்பெட்டின் குமாவோன் புலிகளைப் படித்துப் பழகியவர்கள் நாம். புலி மனிதனைத் தின்றது; மனிதன் புலியைச் சுட்டான். கணக்கு நேராக இருக்கிறது, வாசகனும் நிம்மதியாகத் தூங்குகிறான். ஆனால் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், கம்பி வேலி போட்ட பெரிய மேய்ச்சல் நிலங்களில் நடக்கும் கொயோட்டி வேட்டைக்கு அந்த நிம்மதி கிடையாது. கொயோட்டி யாரையும் தின்று பெயரெடுத்த மிருகமல்ல. ஓநாய்க்குத் தம்பி முறை. நம்மூர் நரிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். எலியும் முயலும்தான் அதன் அன்றாடச் சாப்பாடு. ஆட்டுக்குட்டி கிடைத்தால் விடுவதில்லை என்பதும் உண்மைதான். இதைச் சுடுவதை வைத்து நல்ல இலக்கியம் செய்ய முடியுமா என்பதுதான் சில நாட்களாக என்னைக் குடையும் விஷயம்.

முதலில் அந்தக் காலை நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில்தான் போகிறார்கள். அப்போதுதான் ரோமம் அடர்ந்திருக்கும், தோலுக்கு விலை உண்டு. இரையும் குறைவு, பசி அதிகம். விடியுமுன் வண்டியை மேட்டுக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். கதவைச் சாத்துவதுகூட மெதுவாக. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, ஒரு புதரில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். கை விறைத்துப் போகும், இருமக் கூடாது. பிறகு ஒரு சிறு குழலை வாயில் வைத்து ஊதுகிறார்கள். பிடிபட்டுச் சாகும் முயலின் ஓலம் அதிலிருந்து வருகிறது. டெக்ஸாஸில் மார்பிள் ஃபால்ஸ் என்ற ஊரைச் சேர்ந்த பர்னம் சகோதரர்கள் இப்படிப்பட்ட குழல்களைச் செய்து விற்றே வேட்டைக்காரர்களிடையே பெயர் பெற்றவர்கள். ஓலம் கேட்டுப் பசித்த கொயோட்டி வருகிறது. நேராக வருவதில்லை, சுற்றி வளைத்து, காற்று தன் மூக்குக்கு வரும் பக்கமாக வந்து மோப்பம் பார்க்கிறது. அந்த வளைவு முடிவதற்குள் சுட்டாக வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பல வருஷங்களுக்கு முன்பு ஒரு தொடர்கதையில், வாரா வாரம் கடிதம் குறைகிறதே என்று, ஆறு வயதுக் குழந்தை ஒன்றை ஜுரத்தில் சாகடித்தேன். கதைக்கு அந்தச் சாவு தேவைப்படவில்லை. கடிதங்கள் வந்து குவிந்தன. ஓர் அம்மாள் மட்டும், “அந்தக் குழந்தையை எதற்கு ஸார் கொன்றீர்கள்?” என்று தபால் கார்டில் ஒரே வரி எழுதியிருந்தார். அதற்கு நான் பதில் போடவில்லை. முயல் இல்லாமலே முயலின் ஓலத்தை ஊதத் தெரிந்தவன் நானும்தான்.

சரி, எழுதியவர்களைப் பார்ப்போம். மார்க் ட்வெய்ன் 1872-இல் வெளியிட்ட ‘ரஃபிங் இட்’ என்ற புத்தகத்தில் கோச்சு வண்டிப் பயணத்தின்போது கண்ட கொயோட்டியை வருணிக்கிறார். எலும்பும் தோலுமாக, எப்போதும் பசியோடு, யாரும் மதிக்காத ஜந்து. அதைத் துரத்திப் போன நாய் கடைசியில் அவமானப்பட்டுத் திரும்புவதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. பசியைப் பார்த்துப் பரிகாசம் செய்ய ட்வெய்னைப் போன்ற மேதையால்தான் முடியும். ஆனால் மேதை செய்ததால் அது நல்ல காரியமாகிவிடாது.

எர்னஸ்ட் தாம்ஸன் ஸீட்டன் வேறு ரகம். 1901-இல் வந்த அவருடைய ‘டிட்டோ’ கதையில், பண்ணை ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்ட பெண் கொயோட்டி, மனிதர்கள் தன்மேல் செய்து பார்த்த பொறியையும் விஷத்தையும் பாடமாகப் படித்துக்கொண்டு தப்பிப் போகிறது, குட்டிகளுக்கும் கற்றுக்கொடுக்கிறது. கண்ணீர் வரவழைக்கும் கதை. ஆனால் நாலு பக்கத்துக்குள் கொயோட்டி மறைந்து, ரோமம் போர்த்திய ஒரு தாய்மார் வந்துவிடுகிறாள். மிருகத்தை மிருகமாகவே விட்டு நம்மை இரங்கவைக்க ஸீட்டனுக்குப் பொறுமை இல்லை. பொறுமை இல்லாதவன் வேட்டைக்கும் ஆகமாட்டான்.

எனக்குப் பிடித்தவர் ஜே. ஃபிராங்க் டோபி. தெற்கு டெக்ஸாஸில் மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். 1949-இல் ‘தி வாய்ஸ் ஆஃப் தி கொயோட்டி’ என்று ஒரு புத்தகம் எழுதினார். மாடு மேய்ப்பவர்கள், மெக்ஸிகோக்காரர்கள், செவ்விந்தியர்கள் என்று யார் யார் கொயோட்டியைப் பற்றி என்ன சொன்னார்களோ எல்லாவற்றையும் திரட்டியிருக்கிறார். ஒழுங்கில்லை, அங்கங்கே அலுப்புத் தட்டுகிறது. ஒரு நல்ல பத்திரிகாசிரியர் இருந்தால் ஐம்பது பக்கத்தை வெட்டியிருப்பார். ஆனாலும் இந்த மனிதர் காது கொடுத்துக் கேட்கிறார். பண்ணைக்காரனின் நஷ்டத்தையும் அவர் மறைக்கவில்லை. குட்டி ஆட்டின் தொண்டையில் பல் பட்ட அடையாளத்தைக் காலையில் கண்டவனிடம் போய் ஜீவகாருண்யம் பேசுவது சுலபமான காரியம் அல்ல.

பின்னால் வந்த நாவல்களில் பார்பரா கிங்ஸால்வரின் ‘பிராடிகல் சம்மர்’, 2000-ஆம் வருஷத்தது, இந்தச் சண்டையை ஒரு காதலுக்குள்ளேயே வைக்கிறது. மலைக்காட்டைக் காவல் காக்கும் பெண். வயோமிங்கில் ஆட்டுப் பண்ணையில் பிறந்து கொயோட்டியைக் கொல்ல அலையும் வாலிபன். குட்டிகள் இருக்கும் பொந்தை அவள் அவனிடமிருந்து மறைக்கிறாள். அருமையான ஏற்பாடு. ஆனால் கதாநாயகி அடிக்கடி வகுப்பெடுக்கிறாள். அவள் சொல்வது சரிதான் என்பது வேறு விஷயம். துப்பாக்கி, பொறி, விஷம் எல்லாவற்றையும் அரசாங்கமே பல பத்தாண்டுகள் கையாண்டது. அரசாங்க நிலங்களில் விஷம் வைப்பதை 1972-இல் ஜனாதிபதி நிக்ஸன் தடுத்தார். இவ்வளவுக்கும் பிறகு கொயோட்டி இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. சிகாகோ நகருக்குள்ளேயே குடியிருக்கிறது. இதை ஒரு பாத்திரம் எடுத்துச் சொல்லாமல், வாசகனே கண்டுகொள்ளும்படி அந்த அம்மையார் விட்டிருக்கலாம்.

நரி முகத்தில் விழித்தால் நல்லது என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். கொயோட்டி வேட்டைக்காரர்கள் அதன் முகத்தில் விழிப்பது அபூர்வம். பெரும்பாலான காலைகளில் ஒன்றுமே வருவதில்லை. கால் மணி, அரை மணி காத்திருந்து எழுகிறார்கள். அவர்கள் சொல்லும் அனுபவங்களில் எனக்கு மறக்காத இடம் அதுதான். மூட்டுகள் பிடித்துக்கொள்ள, துப்பாக்கியை ஊன்றி எழுந்து திரும்பினால், உட்கார்ந்திருந்த புதருக்குப் பின்னால் பத்து கஜத்தில், பனியில் புதுத் தடம். வந்திருக்கிறது, நின்றிருக்கிறது, முதுகைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.